வயிற்றுத் தசை வெளியே தெரிய எது உதவும்: கிரஞ்சா, ஓட்டமா, உணவுக் கட்டுப்பாடா?

மார்புக்கூட்டிலிருந்து இடுப்பெலும்பு வரை இறங்கும் நேர்த்தசை எல்லோருடைய வயிற்றிலும் இருக்கிறது. அதன் குறுக்கே ஓடும் தசைநார்ப் பட்டைகள்தாம் அதைக் கட்டங்கட்டமாகப் பிரிக்கின்றன. அதை மறைத்திருப்பது தோலடிக் கொழுப்பு. ஆண்களுக்கு உடற்கொழுப்பு ஏறத்தாழ 10 முதல் 14 சதவீதத்துக்கும், பெண்களுக்கு 16 முதல் 22 சதவீதத்துக்கும் இறங்கும்போதுதான் பெரும்பாலும் இந்தக் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன. அந்த இறக்கத்துக்குச் சொல்லப்படும் வழிகளை அருகருகே வைத்துப் பார்த்தால், அதிக நேரம் செலவிடப்படும் வழியே மிகக் குறைவாகப் பலன் தருகிறது என்பது என் கணிப்பு.

முதலில், மல்லாந்து படுத்து மேலுடலைத் தூக்கும் கிரஞ்ச், சிட்-அப் வகையறா. 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்றவர்கள் 27 நாட்களில் ஆளுக்கு 5,004 சிட்-அப் செய்தார்கள். வயிற்றிலிருந்து எடுத்த கொழுப்புச் செல்கள் மற்ற இடங்களில் உள்ளவற்றைவிடக் கூடுதலாகச் சுருங்கியிருக்கவில்லை. 2011-இல் 24 பேரைக் கொண்டு 6 வாரம் நடத்தப்பட்ட ஆய்விலும், வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தவர்களின் வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. தசையின் தாக்குப்பிடிக்கும் திறன்தான் கூடியது. வேலை செய்யும் தசை தனக்கு மேலே படிந்திருக்கும் கொழுப்பை நேராக எடுத்துக்கொள்வதில்லை என்பதே இதற்குக் காரணம். உடல் முழுவதிலுமிருந்து இரத்தத்தில் கலந்து வரும் கொழுப்பமிலங்களையே அது எரிபொருளாகக் கொள்கிறது.

அதற்காக இந்தப் பயிற்சிகளை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கை, தோள் தசைகளைப் போலவே வயிற்றுத் தசையும் சுமை கூடக் கூடத் தடிக்கும். தடித்த தசை, கொழுப்பு சற்று மிஞ்சியிருந்தாலும் தெரியும். நூற்றுக்கணக்கில் எண்ணிக் குவிப்பதைவிட, 10 முதல் 15 முறைக்குள் களைக்கச் செய்யும் எடையே இதற்குப் பொருத்தமானது. கம்பியில் தொங்கிச் செய்யும் லெக் ரெய்ஸை ஜிம்மில் கவனித்துப் பாருங்கள்: பலர் காலை ஊசலாட்டி உயர்த்துகிறார்கள், அப்போது உழைப்பின் பெரும்பங்கு இடுப்பை மடக்கும் தசைகளுக்குப் போய்விடுகிறது. கால்கள் மேலே வந்தபின் இடுப்பெலும்பை மார்பை நோக்கிச் சுருட்டும் அந்தக் கடைசிச் சிறு அசைவில்தான் வயிற்றுத் தசை முழுமையாகச் சுருங்குகிறது.

ஓட்டத்தின் கணக்கு வேறு. ஒரு கிலோமீட்டர் ஓடினால் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தோராயமாக 1 கலோரி செலவாகும். 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 350 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருப்பதால், அதை ஓட்டத்தால் மட்டுமே கரைக்க அவர் 110 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஓடிய பிறகு பசி கூடுவதும், மீதி நாள் முழுவதும் உடல் அசைவு குறைவதும் இந்தச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடும். விட்டுவிட்டு வேகமாக ஓடும் ஹிட் முறைக்கும் சீரான ஓட்டத்துக்கும் கொழுப்புக் குறைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. நேரம் இல்லாதவருக்கு ஹிட் வசதி, அவ்வளவுதான்.

உணவைக் குறைப்பதுதான் பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. ஆனால் அதிலும் இரண்டு பாதைகள் உண்டு. 80 கிலோ எடையும் 22 சதவீதக் கொழுப்பும் உள்ள ஓர் ஆண் 12 சதவீதத்தை எட்ட நினைக்கிறார் என்று கொள்வோம். தசை சிறிதும் குறையாமல் கொழுப்பு மட்டும் கரைந்தால், ஏறத்தாழ 71 கிலோவில் அவர் இலக்கை அடைவார். அவசரப் பட்டினியில் 3 கிலோ தசையும் சேர்ந்து போய்விட்டால், அதே 12 சதவீதத்துக்கு அவர் 67.5 கிலோ வரை இறங்க வேண்டியிருக்கும். இலக்கும் தள்ளிப் போகும், வந்து சேரும்போது காட்டுவதற்குத் தசையும் இராது. ஆகவே நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி மட்டும் குறைத்து, ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற எடைப் பயிற்சிகளையும், உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1.6 கிராமுக்குக் குறையாத புரதத்தையும் விடாமல் தொடரும் மெதுவான பாதையையே நான் தேர்ந்தெடுப்பேன். 2016-இல் 40 இளைஞர்களிடம் 4 வாரம் நடந்த ஓர் ஆய்வில், கடுமையான கலோரிக் குறைப்போடும் பயிற்சியோடும், கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் உண்டவர்கள் சராசரியாக 4.8 கிலோ கொழுப்பை இழந்தார்கள், 1.2 கிராம் உண்டவர்கள் இழந்தது 3.5 கிலோ. முன்னேற்றத்தை அளக்க, உடலின் நீரளவுக்கேற்ப எண்ணை மாற்றிச் சொல்லும் கொழுப்பு அளவி எடைமேடையைவிடத் தொப்புள் மட்டத்தில் சுற்றும் டேப் நம்பகமானது.

வயிற்றில் கட்டிக்கொண்டால் மின்னதிர்வால் தசையைச் சுருங்கச் செய்யும் பெல்ட்டுகளைப் பற்றி நீட்ட வேண்டாம். இத்தகைய மூன்று பெல்ட்டுகளின் விளம்பரங்கள் பொய்யானவை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2002-இலேயே வழக்குத் தொடுத்தது.

ஏற்கெனவே மெலிந்திருந்தும் கட்டங்கள் தெரியாதவருக்கு இந்தத் தேர்வு தலைகீழாகும்: அவர் உணவைக் கூட்டி, எடை தூக்கித் தசையை வளர்க்க வேண்டும். நான்கு கட்டமா எட்டா, இரு பக்கமும் நேராக அமையுமா என்பவை பிறப்பிலேயே முடிவானவை. எந்தப் பயிற்சியும் அவற்றை மாற்றாது. பெண்களைப் பொறுத்தவரை, உணவுக் குறைப்பின்போது மாதவிடாய் தவறினால், கட்டங்கள் இன்னும் தெரியாவிட்டாலும் குறைப்பை அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.