விக்டோரியா மகாராணி ஊர்வலம், 1897: ஒரு கமராக்காரனின் விமர்சனம்

மட்டக்களப்பில் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பது என் தொழில். பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட்டின் யூடியூப் சனலில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு பழைய காட்சியைப் பற்றி எழுதத் தோன்றியது. 1897 ஜூன் 22 அன்று லண்டனில் நடந்த விக்டோரியா மகாராணியின் வைரவிழா ஊர்வலம். சின்னத் துண்டுதான், டேட்டா கரையாது.

லூமியர் சகோதரர்கள் பாரிசில் காசு வாங்கிப் படம் காட்டத் தொடங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஊர்வலப் பாதையில் பல கம்பனிகள் கமராவோடு இடம்பிடித்துவிட்டன. ஒரு பிலிம் சுருள் ஒரு நிமிடம்கூட ஓடாது. மகாராணியின் வண்டி வரும் நேரம் பார்த்துச் சுருள் தீர்ந்தால் போனது போனதுதான். தாலி கட்டும் நேரத்தில் மெமரி கார்ட் நிறைந்துவிடுமோ என்று பதறுகிற எனக்கு, அந்த மனுசரை நினைத்தாலே வியர்க்கிறது.

கமரா அசையவே அசையாது. குதிரைப்படை போகிறது, திறந்த வண்டிகள் போகின்றன. அப்புறம் எட்டுக் குதிரை பூட்டிய வண்டி வருகிறது, உள்ளே 78 வயது மகாராணி. முகத்தைத் தேடாதீர்கள், குடைதான் தெரியும். "அம்மா, குடையைக் கொஞ்சம் சரிச்சுப் பிடியுங்கோ" என்று அவரிடம் யார் சொல்வது? பொம்பிளையின் தாயிடமே நமக்குச் சொல்ல வாய் வராது.

புனித பவுல் பேராலயத்தின் படிகளில் மகாராணியால் ஏற முடியவில்லை. அதனால் வண்டியிலேயே இருக்க, நன்றி வழிபாட்டை வெளியில், படிகளில் நடத்தினார்கள். அங்கே கமரா வைத்திருந்த ஆரம்பகால ஆங்கிலப் படக்காரர் ராபர்ட் பாலுக்கு அது யோகம். எங்கள் ஊர் மாமாங்கக் கோயில் தேரன்று படம் எடுத்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும்: இங்கே லென்ஸுக்கு முன்னால் ஒரு போன்கூட எழும்பவில்லை!

இதே ஊர்வலத்துக்கு நிறம் பூசி, செக்கனுக்கு ஓடும் பிரேம்களின் (தனிப் படங்களின்) எண்ணிக்கையைக் கூட்டி, பாண்டுச் சத்தம் சேர்த்த வேறொரு பதிவும் வாட்ஸ்அப்பில் வந்தது. அதைப் பார்க்க வேண்டாம். வண்டிச் சில்லின் ஆரக்கால்கள் கரைந்து ஒரே தட்டாகிவிட்டன. ஓரத்தில் நிற்கும் ஒருவரின் கோட் முதலில் நீலம், குதிரை கடந்து போனதும் மண்ணிறம். மகாராணியின் குதிரைகள் உண்மையில் கிரீம் நிறம், அதில் சாம்பல் பூசியிருக்கிறார்கள்.

கையால் சுற்றிய கமரா என்பதால் செக்கனுக்கு ஏறத்தாழ 16 பிரேம்தான். இன்றைய வேகத்தில் ஓடினால் சனம் துள்ளித் துள்ளி நடக்கும். அப்படித் தெரிந்தால் செட்டிங்ஸில் வேகத்தை 0.75 ஆக்குங்கள், குதிரை குதிரையாக நடக்கும்.

ஐந்துக்கு நான்கு. போனில் பார்த்தால் மூன்றுதான், முடிந்தால் டீவியில் போடுங்கள்.