விரலால் சுற்றிக் காட்டினால் நம்பாதீர்கள்: ஸ்கேட் பேரிங்கில் நாங்கள் ஏமாந்தது

பிள்ளைகளின் ஸ்கேட்டுக்குப் பேரிங், அதாவது சக்கரம் சுழல உள்ளே இருக்கும் குண்டு வளையம், மாற்றப் போகிறீர்களா? தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்களுக்கு 190 வெள்ளி போனது. அதைவிட, மகள் மூன்று வாரம் கையில் கட்டோடு பள்ளிக்குப் போனாள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

நாங்கள் மலேசியாவில், ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது. அவள் போடுவது என் அண்ணன் மகள் போட்டு வளர்ந்த நாலு சக்கர ஸ்கேட். தமான் பூப்பந்துத் திடலில்தான் ஓட்டுவாள். ஆனால் அங்கே போகிற வழியெல்லாம் செம்பனை லோரி கிளப்பிவிட்ட செம்மண். சக்கரம் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்ததும் ஈப்போவில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரத் தம்பி ஒரு சக்கரத்தில் புதுப் பேரிங்கை மாட்டி, விரலால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை. "பார்த்தீங்களா அக்கா, ஏபெக் 9. இதுக்கு மேல சரக்கே இல்ல" என்றார். ஒரு சக்கரத்துக்கு 2, எட்டுச் சக்கரத்துக்கு 16. பேரிங்குக்கு 160 வெள்ளி, மாட்டக் கூலி 30. பழையதைக் கேட்டேன், "துருப்பிடிச்சது, நானே வீசிடுறேன்" என்றார். சரி என்று வந்துவிட்டேன். ரசீதில் 'ஸ்கேட் சர்வீஸ்' என்று மட்டும் இருந்ததையும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே மகள் சொன்னாள், "அம்மா, சக்கரம் ஆடுது." கடைக்குப் போன் போட்டேன். நட்டை இறுக்கச் சொன்னார். இறுக்கினேன். ஆட்டம் நின்றது. பத்து நாளில், திடலின் வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் ஒன்று அப்படியே பிடித்துக்கொண்டது. கையை ஊன்றி விழுந்தாள்.

செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கும் பக்கத்து வீட்டு அண்ணன்தான் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். பேரிங்கின் மூடியை ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு என்னிடம் நீட்டினார். உள்ளே கிரீஸ் பொட்டுக்கூட இல்லை. குண்டுகளின் மேல் மிளகாய்த்தூள் தூவினதுபோலத் துரு. "தங்கச்சி, காய்ஞ்ச பேரிங்தான் கையில நல்லா சுத்தும்" என்றார். கிரீஸ் இருந்தால் அது குண்டுகளைக் கொஞ்சம் பிடிக்கும், சக்கரம் சீக்கிரம் நின்றுவிடும். எதுவுமே இல்லாததால்தான் அது பம்பரமாகச் சுற்றியிருக்கிறது. ஆள் ஏறி நின்றதும் இரும்பும் இரும்பும் தேயும். நம் ஊர் ஈரத்துக்குத் துருவும் சேர்ந்துகொள்ளும்.

அப்புறம் வெர்னியர் அளவுகோலை எடுத்து, சக்கரம் மாட்டும் அச்சை அளந்தார். 7 மில்லிமீட்டர். பேரிங்கில் பொறித்திருந்தது 608. அதன் கடைசி எண்தான் துளையின் அளவு, 8. எங்கள் ஸ்கேட்டுக்கு வேண்டியது 627. இரண்டுக்கும் வெளி விட்டம் 22, தடிமன் 7, அதனால் சக்கரத்தில் எது வேண்டுமானாலும் உட்கார்ந்துவிடும். அச்சில்தான் ஆடும். பெரும்பாலான ஸ்கேட்டுக்கு 8 சரிதான், சிலவற்றில் 7 வரும். அளந்து பார்க்க அரை நிமிடம் போதும், அதைக்கூட அந்தத் தம்பி செய்யவில்லை. அந்த ஆட்டத்தை மறைக்க நான் நட்டை இறுக்க, பேரிங்குக்குப் பக்கவாட்டில் அழுத்தம் ஏறி, உள்ளே குண்டுகளைப் பிடித்து வைத்திருக்கும் கூடு உடைந்திருக்கிறது. ஆடுது என்று பிள்ளை சொன்னபோதே நான் கழற்றியிருக்க வேண்டும்.

ஏபெக் 9 என்ற அந்த எண் பற்றியும் கேட்டேன். அது அளவு எவ்வளவு துல்லியம் என்பதை மட்டும்தான் சொல்லும். இரும்பு நல்லதா, கிரீஸ் இருக்கிறதா, பாரம் தாங்குமா என்பதெல்லாம் அதில் கிடையாது. 62 மில்லிமீட்டர் சக்கரத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் பேரிங் நிமிடத்துக்கு 1,300 சுற்றுதான் சுற்றும். சாதாரண 608 அதைப்போலப் பல மடங்கு தாங்கும். எங்கள் மூடியில் 9 என்று அச்சடித்திருந்தது, அவ்வளவுதான்.

இப்போது 627 வாங்கி நாங்களே மாட்டிவிட்டோம், ரப்பர் மூடி போட்டது. மழையில் நனைந்தால் அன்றே கழற்றித் துடைக்கிறோம். சத்தம் கேட்டால் மூடியை எடுத்து, மண்ணெண்ணெயில் போட்டுக் குலுக்கி, நன்றாகக் காயவைத்து, மெல்லிய கிரீஸ் கொஞ்சம். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டும் போதும், ஆனால் அடிக்கடி விட வேண்டியிருக்கும். துரு நீக்கும் ஸ்பிரேயை மட்டும் அடித்துவிட்டு விடாதீர்கள், அது இருக்கிற கிரீஸையும் கழுவிவிடும். நட்டை, சக்கரம் இலேசாகச் சுற்றும் அளவுக்கு, கையால் அசைத்தால் மயிரிழை ஆட்டம் தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும்.

கடையில் பணம் தர மறுத்துவிட்டார்கள், நான் இறுக்கியதுதான் காரணமாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க 5 வெள்ளிதான், கொடுக்கப் போகிறேன். ரசீதில் பேரிங் என்ற சொல்லே இல்லாததுதான் கவலை. நீங்கள் வாங்கினால் எண், அளவு, எத்தனை என்று எழுதி வாங்குங்கள், பழைய பேரிங்கையும் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். கடையில் மாட்டிவிட்ட அந்த 16 பேரிங்கும் வீட்டில் ஒரு மைலோ டின்னில் இருக்கின்றன. சுங்கை சிப்புட்காரர்கள் யாராவது வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் வீட்டுக்கு வாருங்கள், மூடியைத் திறந்தே காட்டுகிறேன்.