ஓடும்போது ஆஃப் ஆகிற பழைய வண்டிக்கு மஞ்சள் மீட்டர் போதுமா?

எலக்ட்ரிக்கல் கடைகளில் கொக்கியில் தொங்குகிற மஞ்சள் நிற டிஜிட்டல் மல்டிமீட்டரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டிடி 830டி என்பது அதன் மாடல் எண். பல பேர் பல பெயர் ஒட்டி ஒரே அமைப்பில் விற்கிறார்கள். கும்பகோணத்தில் வாங்கினாலும் மன்னார்குடியில் வாங்கினாலும் இருநூறு, முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கார்புரேட்டர் காலத்து மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர் போன்ற வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று ஆஃப் ஆகி, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகும். அந்தக் கோளாறைப் பிடிக்க இந்த மீட்டர் உதவுமா?

உதவும். கூட ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு வேண்டும், கரண்ட் ஓடுகிற நிலையில் வோல்டேஜ் இறக்கத்தை அளக்க வேண்டும். சாவியை ஆஃப் பண்ணிவிட்டு, ஒயரின் இரண்டு முனையிலும் முள்ளை வைத்து, ‘பீப்’ சத்தம் கேட்டதும் லைன் நல்லாயிருக்கு என்று முடிவு கட்டுவதாக இருந்தால் இதைவிடப் பத்து மடங்கு விலையுள்ள மீட்டரும் வீண்தான்.

காரணம் எளிது. பீப் சோதனையில் மீட்டர் அனுப்புகிற கரண்ட் ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான். சில பத்து ஓம் தடை இருந்தாலும் அது கத்தும். ஆனால் ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தருகிற 3 ஓம் இக்னிஷன் காயில் 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கிறது. நடுவில் ஒரு ஜாயின்ட் துருப்பிடித்து வெறும் 1 ஓம் சேர்ந்தாலே கரண்ட் 3 ஆம்பியருக்கு இறங்கி, 3 வோல்ட் அந்தத் துருவிலேயே போய்விடும். காயிலுக்கு மிஞ்சுவது 9. காயில் ஒயரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இந்த மீட்டரை வைத்தால் முழு 12 காட்டும், ஏனென்றால் மீட்டரின் உள்தடை 10 லட்சம் ஓம், அது கரண்ட் எடுப்பதேயில்லை என்றே சொல்லலாம். வாய்க்காலில் மடையை மூடிவைத்தால் நடுவில் அடைப்பு இருந்தாலும் தண்ணீர் மட்டம் ஒன்றாகத்தான் நிற்கும். மடையைத் திறந்து தண்ணீர் ஓடும்போதுதான் அடைப்புக்கு மேலேயும் கீழேயும் மட்டம் மாறுவது தெரியும்.

மீட்டரை எடுப்பதற்கு முன்னால் டேஷ்போர்டைப் பாருங்கள். கரண்ட் கோளாறில் வண்டி சாவியைத் திருப்பியதுபோல் ஒரே வெட்டாக நிற்கும். பெட்ரோல் கோளாறில் இழுவை குறைந்து, குலுக்கி, திக்கித் திக்கி நிற்கும். ஆஃப் ஆனதும் கிளட்ச்சை மிதித்து ஓரம் கட்டி, சாவியைத் தொடாமல் சார்ஜ் லைட்டும் ஆயில் லைட்டும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தால் இக்னிஷன் சுவிட்ச் வரை கரண்ட் வருகிறது, காயில் பக்கம் தேடலாம். எரியாவிட்டால் சுவிட்ச்சோ அதற்கு முந்தைய லைனோதான். ஹாரனும் ஹெட்லைட்டும் சேர்ந்தே செத்துவிட்டால் பேட்டரி டெர்மினல், மெயின் ஃப்யூஸ். அவசரத்தில் சாவியைத் திருப்பி ஆட்டினால் விட்டுப்போன காண்டாக்ட் மறுபடி சேர்ந்து, இருந்த ஒரே தடயமும் போய்விடும்.

இப்போது மீட்டர். 20 வோல்ட் ரேஞ்சில் வைத்து, எஞ்சின் நிற்கும்போது பேட்டரியைப் பாருங்கள். நல்ல பேட்டரி 12.6 அளவில் இருக்கும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 13-க்குக் கீழே நின்றால் ஆல்டர்னேட்டரைப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். அளவு வழக்கத்துக்கு மாறாக 15, 16 என்று ஏறினால் உடனே வண்டியைக் குறைசொல்ல வேண்டாம். மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் இந்த மாடல் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டும். திரை ஓரத்தில் பேட்டரிச் சின்னம் வந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். மலிவு மீட்டரின் பெரிய தொல்லை இதுதான்.

எர்த் சோதனைதான் இந்த மீட்டர் தன் விலையைத் திருப்பிக் கொடுக்கிற இடம். 2000 மில்லிவோல்ட் ரேஞ்ச். கறுப்பு முள் பேட்டரி நெகட்டிவ் தூணின் ஈயத்தின் மேலேயே இருக்க வேண்டும், கிளாம்ப் மேல் அல்ல. சிவப்பு முள் எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். 200, 300 வரை வந்தால் பரவாயில்லை. 500-ஐத் தாண்டினால் எஞ்சினை வண்டி உடம்போடு சேர்க்கிற எர்த் பட்டை போய்விட்டது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, அதே சிவப்பு முள்ளை, பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துவிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் வைத்தால் 100-க்குள் இருக்க வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் ஓடுகிற வண்டிகளில் இந்தப் பட்டையின் பின்னல் வெளியே செம்பாகத் தெரிந்தாலும் போல்ட் ஏறுகிற கண்ணுக்குள் பச்சை பூத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் சொல்லவே வேண்டாம். கழற்றி, இரண்டு பக்கமும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, அதற்குப் பிறகுதான் மேலே வாசலின் தடவ வேண்டும். பட்டை அரித்திருந்தால் 16 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இரண்டு முனையிலும் லக் அழுத்திப் புதிதாகப் போடுங்கள்.

அடுத்தது பாசிட்டிவ் பக்கம். சிவப்பு முள் பேட்டரி பாசிட்டிவ் தூணில், கறுப்பு காயிலின் பாசிட்டிவில். சாவி ஆன், பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டை வெட்டி வெட்டிச் சேர்க்கிற காண்டாக்ட்) மூடிய நிலை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ கோளாறு ஒளிந்திருக்கிறது. காயிலுக்கு முன்னால் கரண்டைக் குறைக்கிற பாலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டியில் அதற்கு முந்தைய முனைவரை மட்டும் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல லைனையும் கெட்டது என்று காட்டும். மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு சாவியை மேலும் கீழும் மெல்ல ஆட்டுங்கள். எண் துள்ளினால் சுவிட்ச்சின் பின்பக்கக் காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது. வீட்டுச் சாவி, பீரோ சாவியெல்லாம் ஒரே கொத்தாகத் தொங்குகிற வண்டிகளில் இது சீக்கிரமே வரும். சாவியை ஆனிலேயே விட்டு ரொம்ப நேரம் சோதிக்காதீர்கள். பாயிண்ட் மூடியிருந்தால் இரண்டு மூன்று நிமிடத்திலேயே காயில் சுட ஆரம்பிக்கும்.

பாயிண்ட் வைத்த அம்பாசிடர்களில் பலரும் தவறவிடுவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சின்ன நெகிழ் ஒயர். ஆக்சிலேட்டரைக் கொடுக்கும்போதும் விடும்போதும் எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு ஸ்பார்க் நேரத்தை மாற்றுகிற வேக்குவம் அட்வான்ஸ், உள்ளே பாயிண்ட் இருக்கும் தட்டைத் திருப்பும், ஒயரும் கூடவே வளைந்து கொடுக்கும். வருஷக்கணக்கில் வளைந்ததில் உள்ளே இழைகள் அறுந்து, மேலே உறை மட்டும் முழுசாக இருக்கும். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது, வேகத்தடையில் காலை எடுத்துக் கொடுத்தால் ஆஃப். எஞ்சினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை ஆன் செய்து, காயில் நெகட்டிவுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். 200 மில்லிவோல்ட்டுக்குள் வந்தால் நல்லது. வேக்குவம் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். தட்டு திரும்பும்போது எண் ஏறினால் கோளாறு கையில் சிக்கிவிட்டது. தட்டின் எர்த் ஒயரும் இதே மாதிரி அறும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பாயிண்ட் இடைவெளி இந்த வண்டிக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். எஞ்சின் ஓடும்போது மட்டும் காயில் நெகட்டிவில் மீட்டரை வைக்கவே கூடாது. பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அங்கே 200, 300 வோல்ட் துள்ளும்.

ஸ்லோவில் மட்டும் நிற்கிற மாருதி 800, ஆம்னி என்றால் கார்புரேட்டரில் ஸ்லோவுக்கான பெட்ரோல் வழியைத் திறக்கிற மின் வால்வான சோலனாய்டின் ஒயரைப் பாருங்கள். சாவியை ஆன் செய்ததும் ‘டிக்’ என்று தட்ட வேண்டும்.

இனி மீட்டர் தோற்கிற இடம். திரையில் எண் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் மாறும். குழியில் இறங்கும்போது கண் இமைக்கும் நேரம் விட்டுப்போய்ச் சேருகிற லைனை இது பார்க்கவே பார்க்காது. பிளக் ஒயர் பக்கத்தில் கொண்டுபோனால் ஸ்பார்க்கின் இரைச்சலில் எண்கள் கன்னாபின்னாவென்று ஓடும். இதற்குத்தான் பல்பு. 21 வாட் பல்பை ஹோல்டரோடு, மூன்று மீட்டர் ஒயரில், க்ரொகடைல் கிளிப் போட்டு, காயில் பாசிட்டிவுக்கும் எஞ்சின் எர்த்துக்கும் இணைத்து, பல்பை முன்கண்ணாடி ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் கிளிப்புக்குப் பக்கத்தில் ஒரு 5 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம். பழுதான லைனில் இந்தப் பல்பு கூடுதலாக 1.75 ஆம்பியர் இழுத்து, ஒளிந்திருக்கும் கோளாறை வெளியே இழுக்கும். அதோடு ஒரு எல்ஈடியை 1000 ஓம் ரெசிஸ்டருடன் பக்கவாட்டில் இணைத்தால் இன்னும் நல்லது. பல்பின் இழை அணையக் கொஞ்சம் நேரம் எடுக்கும், எல்ஈடி அந்தக் கணமே அணையும். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து ஓட்டுங்கள். வண்டி ஆஃப் ஆகும்போது விளக்கும் அணைந்தால் காயிலுக்கு வருகிற லைன். விளக்கு எரிய எரிய ஆஃப் ஆனால் காயில், கண்டென்சர், பாயிண்ட் அல்லது (பாயிண்ட் இல்லாத வண்டியில் அதன் வேலையைச் செய்கிற) எலக்ட்ரானிக் மாட்யூல். காயில், கண்டென்சர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகும் செலவு இந்த ஒரு ஓட்டத்தில் மிச்சம்.

சூடானால் நின்று, ஆறினால் ஓடுகிற காயிலைக் கண்டுபிடிப்பதில் இந்த மீட்டருக்குப் பாதி மார்க்தான். 200 ஓம் ரேஞ்சில் முள் இரண்டையும் ஒட்டிவைத்தாலே அரை ஓம் அளவுக்கு ஏதாவது காட்டும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆஃப் ஆன நிமிடமே அளந்து திரையின் இடது ஓரத்தில் வெறும் 1 நின்றால் சுற்று உள்ளே அறுந்திருக்கிறது. உள்ளுக்குள் சுற்றுகள் ஒட்டிப்போன காயிலை இது காட்டிக்கொடுக்காது. அதற்கு நல்ல காயில் ஒன்றை மாற்றிப்போட்டுப் பார்ப்பது தவிர வழியில்லை.

சம்பா அறுவடை முடிந்து வயலில் இருந்து எலிகள் வீட்டுப்பக்கம் வரும் தை, மாசியில் கோளாறு ஆரம்பித்தால் முதலில் ஒயரைக் கண்ணால் பாருங்கள். ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் என்பதால் சீட்டைத் தூக்கினால் போதும். பாதி கடித்த ஒயர் மீட்டரில் பீப் என்று கத்தும், பல்பில் மங்கும். முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள், வெயிலில் பசை உருகி மழையில் தண்ணீர் ஏறும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

எம்பிஎஃப்ஐ வண்டிக்கு, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பீய்ச்சவைக்கிற வண்டிக்கு, இந்த முறை வேண்டாம். கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரில் 21 வாட் பல்பைத் தொட்டால் டிரான்சிஸ்டர் போய்விடும். தினமும் வண்டி பார்க்கிற மெக்கானிக் குறைந்த, கூடிய அளவைப் பிடித்துவைக்கும் வசதியுள்ள மீட்டராகவே வாங்கிக்கொள்வது நல்லது. வீட்டில் ஒரு பழைய வண்டியை வைத்துக் காப்பாற்றுகிறவருக்கு மஞ்சள் மீட்டர் தாராளமாகப் போதும்.

வாங்கும்போது 830பி என்றால் வேண்டாம், அதில் பீப் இருக்காது. 830டி-யைக் கேட்டு, கடையிலேயே ஒரு புது 9 வோல்ட் பேட்டரியை அளந்து பாருங்கள். கூட வருகிற முள் ஒயர் மெல்லியது, இரண்டு தடவை மடக்கினால் உள்ளே அறும். தடிமனான ஒயரைத் தனியாக வாங்கிவிடுங்கள். 10 ஆம்பியர் என்று எழுதிய துளைக்கு ஃப்யூஸ் கிடையாது. சிவப்பு ஒயர் அதில் இருக்கும்போது பேட்டரியைத் தொட்டால் ஒயரே எரியும். தானாக ஆஃப் ஆகிற வசதியும் இல்லை, வேலை முடிந்ததும் குமிழை ஆஃபுக்குத் திருப்புங்கள். மழைக்காலம் முழுக்கப் பெட்டியில் கிடந்திருந்தால், அளப்பதற்கு முன் குமிழை நாலைந்து சுற்று சுற்றிவிட்டால் உள்ளே காண்டாக்ட் சுத்தமாகும்.