கார் திரும்பி வந்துவிட்டது, காரணம் வரவில்லை

போன வாரம் என் மின்சார கார் சர்வீஸ் சென்டரிலிருந்து வீடு திரும்பியது. ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் ஓடுகிறது. பளபளவென்று கழுவிக்கூடக் கொடுத்திருக்கிறார்கள். ஜாப் கார்டில் மட்டும் இப்படி இருக்கிறது: "சாஃப்ட்வேர் அப்டேட் செய்யப்பட்டது. 12 வோல்ட் பேட்டரி மாற்றப்பட்டது. சோதனையில் குறை எதுவும் காணப்படவில்லை." குறையே இல்லாத கார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏன் நின்றது என்று கேட்டேன். "இனிமே வராது சார்" என்றார் கவுன்டரில் இருந்தவர். வராது என்று சொல்ல முடிகிறவருக்கு, ஏன் வந்தது என்று சொல்ல முடியவில்லை.

எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பதை விட்டுவிடுகிறேன். கீழே பெயர் சொல்லி எழுதப்போகும் கார்கள் எதுவும் என்னுடையது இல்லை. ரேஞ்ச், சார்ஜ் ஏறும் நேரம், பூட் அளவு இதெல்லாம் தேடினால் எங்கும் கிடைக்கும். நான் எழுத வந்தது ஓடும் காரில் சக்தி போவதைப் பற்றி மட்டும்.

நடந்தது இதுதான். நெடுஞ்சாலையில் நல்ல வேகம். திரையில் மின் அமைப்பைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு மஞ்சள் எச்சரிக்கை வந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் ஏசி அடங்கியது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பதில் இல்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்குகிறது. இருந்த வேகத்தை வைத்து ஓரம் கட்டும்போது ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது, பிரேக் பெடலும் இறுகியது. வண்டி நின்றதும் திரை கறுத்தது. அணையும் வரை அதில் பெரிய பேட்டரி முக்கால் பங்கு மிச்சம் என்று காட்டிக்கொண்டிருந்தது. அந்த முக்கால் பங்கைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது.

நின்ற பிறகு இன்னொரு கூத்து. நியூட்ரலுக்கு மாற்ற முடியவில்லை, ஏனென்றால் கியர் மாற்றுவதும் பட்டன்தான், பட்டனுக்கும் கரண்ட் வேண்டும். பார்க்கிங் பிரேக்கும் அப்படியே. தள்ளக்கூட முடியாது. டோயிங் வண்டியோடு வந்த தம்பி ஒரே பார்வையில், "சின்ன பேட்டரி படுத்துடுச்சு சார், பெருசு நல்லாத்தான் இருக்கும்" என்றார். பானெட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, கையில் கொண்டுவந்த ஜம்ப் ஸ்டார்ட்டரின் சிவப்பு, கறுப்பு கிளிப்புகளை மாட்டினார். உள்ளே எங்கோ டக், டக் என்று சத்தம், திரை உயிர் பெற்றது. நியூட்ரல் போட்டு மேலே ஏற்றிவிட்டார். சர்வீஸ் சென்டர் அத்தனை நாள் வைத்திருந்தும் சொல்லாததை அவர் நின்ற நிலையில் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த டக் சத்தத்தில்தான் விஷயமே இருக்கிறது. மின்சார காரில் நூற்றுக்கணக்கான வோல்ட் கொண்ட பெரிய பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே காண்டாக்டர் என்ற கனத்த சுவிட்சுகள் உண்டு. அவை மூடியிருந்தால்தான் கார் ஓடும். அவற்றை மூடிய நிலையில் பிடித்து வைப்பது சின்ன பேட்டரியின் 12 வோல்ட் கரண்ட். காரின் கணினிகளும் திரையும் அதே 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அந்தச் சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பது டிசி-டிசி கன்வெர்ட்டர், பெரிய பேட்டரியின் வோல்டேஜை இறக்கித் தருகிற கருவி. அது படுத்தால் சின்ன பேட்டரி கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், பிறகு காண்டாக்டர்கள் திறந்துகொள்ளும், அத்தோடு மோட்டாருக்குப் போகும் சக்தி நின்றுவிடும். தேர் எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, அச்சாணி கழன்றால் நின்றுதானே ஆகவேண்டும்.

நியாயமாகச் சொன்னால், இந்த அமைப்பு முட்டாள்தனமானது அல்ல. விபத்து நடந்தால் உயர் வோல்டேஜ் தானாகத் துண்டிக்கப்பட வேண்டும், மீட்க வருகிறவர்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாது. அதனால்தான் கரண்ட் போனால் திறந்துகொள்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் காரிலும் ஆல்டர்னேட்டர் போனால் கொஞ்ச தூரத்தில் இதே கதிதான். என் சண்டை அமைப்போடு இல்லை. பழுதுக்குக் காரணம் சொல்லாமல் சாஃப்ட்வேர் ஏற்றி அனுப்புகிறார்களே, அதோடுதான்.

ஏனென்றால் இது ஏற்கெனவே பெரிய அளவில் விசாரிக்கப்பட்ட விஷயம். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. 2023 ஜூனில் 2022 மாடல் ஹூண்டாய் அயோனிக் 5 மீது விசாரணை தொடங்கியது. விசாரணைக்குள் வந்தவை சுமார் 39,500 கார்கள், கையில் இருந்த புகார்கள் 30. பலர் சொன்னது ஒரே மாதிரி: டப் என்று ஒரு சத்தம், திரையில் எச்சரிக்கை, பிறகு சக்தி குறைவது அல்லது அடியோடு போவது. சார்ஜிங் பணியையும் 12 வோல்ட் பணியையும் சேர்த்துச் செய்யும் ஐசிசியூ என்ற பாகத்தில் டிரான்சிஸ்டர்கள் சேதமாவதுதான் காரணம் என்று தெரியவந்தது. 2024 மார்ச்சில் அங்கே ஹூண்டாயும் அதன் சொகுசு பிராண்டான ஜெனிசிஸும் 98,878 கார்களுக்கும், கியா 48,232 ஈவி6 கார்களுக்கும் ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யத் திரும்ப வரச்சொல்லும் அழைப்பு, அறிவித்தன. இந்தியாவிலும் அதே ஆண்டு ஜூனில் 1,744 அயோனிக் 5 கார்கள் அழைக்கப்பட்டன. தீர்வு, சாஃப்ட்வேர் அப்டேட். சோதித்துப் பார்த்துத் தேவைப்பட்டால் ஐசிசியூவையும் ஃபியூஸையும் மாற்றுவது. அதோடு முடிந்ததா? 2024 நவம்பரில் அமெரிக்காவில் ஹூண்டாய், ஜெனிசிஸ் 1,45,235 கார்களை மறுபடி அழைத்தன. முதல் ரீகாலில் சரிசெய்யப்பட்டவையும் இரண்டாம் முறை வரவேண்டியிருந்தது.

ஃபோர்டு கதை எனக்கு இன்னும் நெருக்கமாகப்படுகிறது. 2022 ஜூனில் 48,924 மஸ்டாங் மாக்-இ கார்களுக்கு ரீகால். வேக சார்ஜிங் செய்யும்போதும் ஆக்ஸிலரேட்டரைத் திரும்பத் திரும்ப முழுக்க அழுத்தும்போதும் காண்டாக்டர்கள் அளவுக்கு மீறிச் சூடாகின்றன என்பது காரணம். தீர்வு, சாஃப்ட்வேர்: சூட்டைக் கண்காணித்து, தேவைப்பட்டால் சக்தியைக் குறைக்கும். அந்த அப்டேட் போட்ட கார்களிலேயே காண்டாக்டர் போனதாகப் புகார்கள் வந்தன. 2023 ஆகஸ்டில் அமெரிக்க அமைப்பு, ரீகாலில் செய்த வேலை போதுமா என்றே தனியாக ஒரு விசாரணையைத் திறந்தது. அக்டோபரில் ஃபோர்டு 34,762 கார்களைத் திரும்ப அழைத்தது, இந்த முறை காண்டாக்டர்கள் உட்கார்ந்திருக்கும் பேட்டரி ஜங்ஷன் பாக்ஸையே மாற்றித் தருவதாக. 2025 அக்டோபரில் டெஸ்லா சுமார் 13,000 மாடல் 3, மாடல் ஒய் கார்களை அழைத்தபோதும், தருவதாகச் சொன்னது புது காண்டாக்டர்தான்.

பாகம் சேதமாகிறது என்றால் சாஃப்ட்வேர் என்ன செய்யும்? சேதத்தைத் தள்ளிப்போடலாம், சுமையைக் குறைக்கலாம், சீக்கிரம் எச்சரிக்கலாம். அதுவும் பயனுள்ள வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கெட்டுப்போன பாகத்தை அது நல்லதாக்காது. என் காரில் கன்வெர்ட்டரைத் திறந்து பார்த்தார்களா, அது எத்தனை வோல்ட் தருகிறது என்று ஓட்டத்தில் அளந்தார்களா, பிழைக் குறியீடுகளில் என்ன பதிவாகியிருந்தது? மூன்றுக்கும் பதில் இல்லை. பழைய சின்ன பேட்டரியைத் திருப்பிக் கேட்டேன், அகற்றிவிட்டார்களாம்.

இதற்கிடையில் நண்பன் ஒருவன் அதே மாடலை வாங்கலாமா என்று கேட்டு மெசேஜ் மேல் மெசேஜ் போடுகிறான். அவனுக்கு நான் அனுப்பியது இவ்வளவுதான்: வாங்கினால் வண்டியின் சேசிஸ் எண்ணைப் போட்டு ரீகால் நிலுவை பார். சின்ன பேட்டரி எங்கே இருக்கிறது, வண்டி செத்தால் நியூட்ரல் எப்படி போடுவது என்று கையேட்டில் அந்தப் பக்கத்தை முதலில் படி. ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கிவை, பூட்டில் வைக்காதே, பூட் கரண்டில் திறப்பது. நின்றால் திரையைப் படமெடுத்துக்கொள், அரசின் பாதுகாப்பு அமைப்பிடம் புகாராகவே பதிவு செய். சர்வீஸ் சென்டரில் சொன்னால் அது கம்பெனியின் கோப்பில் தூங்கும். 39,500 கார்கள் மீது விசாரணை தொடங்க 30 பேர் எழுதியது போதுமாயிருந்தது.

அவன் திருப்பிக் கேட்டான், "அப்போ நீ விற்கப்போறியா?" இல்லை. ஏனென்று சொல்வது கொஞ்சம் சங்கடம். இந்தக் காரை ஓட்டுவது அவ்வளவு சுகம். நெரிசலில் கால் ஒரே பெடலில் இருக்க, விட்டால் நிற்கும், தொட்டால் போகும். சத்தமில்லை, உதறலில்லை. மேட்டில் முன்னே போகும் வண்டிகள் இருமிக்கொண்டிருக்க இது தூக்கிக்கொண்டு போகும். முன்பு நீண்ட தூரம் ஓட்டினால் முதுகு வலிக்கும், இப்போது இல்லை. இதை எல்லாம் விட்டுவிட்டுப் பழைய வண்டிக்குத் திரும்ப எனக்கு மனசில்லை.

ஆனாலும் இப்போது மஞ்சளாக எது மின்னினாலும் கை தானாக இண்டிகேட்டருக்குப் போகிறது. சீட் பெல்ட் எச்சரிக்கைக்குக்கூட.

ஓட்டும் சுகத்துக்கு ஐந்துக்கு ஐந்து. செலவுக்கு நான்கு. சர்வீஸுக்கு ஒன்று, அதுவும் கழுவிக் கொடுத்ததற்காக. மொத்த மதிப்பெண் இரண்டு, நண்பனுக்குக் கடைசியாகச் சொன்ன பதில் வாங்காதே. கணக்கு இடிக்கிறது என்று தெரியும். கன்வெர்ட்டரைச் சோதித்த அறிக்கையை எழுத்தில் கொடுக்கட்டும், திருத்திப் போடுகிறேன்.