சென்சிடிவ் சருமச் சோதனைகள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

பெரிய அழகுசாதனக் கடைகளில் முகத்தை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொல்லி, நாலைந்து முறை ஃபிளாஷ் அடித்து, 'உங்களுக்கு சென்சிடிவ் ஸ்கின்' என்று ஒரு தாளை நீட்டுகிறார்கள். பார்லரில் பேனா மாதிரி ஒரு கருவியைக் கன்னத்தில் ஒற்றிவிட்டு அதையே சொல்கிறார்கள். லேப்காரர்கள் 'அலர்ஜி பேனல்' என்கிறார்கள். தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் எழுதிக் கொடுக்கிறார். எல்லாம் ஒரே கேள்விக்கு விடை தருவதுபோல விற்கப்பட்டாலும் ஒவ்வொன்றும் அளப்பது வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கட்டினால் கடைசியில் கையில் மிஞ்சுவது இன்னொரு கிரீம்தான்.

முதலில் அந்தப் பெட்டி. உள்ளே நடப்பது புகைப்படம் எடுப்பது, அவ்வளவே: சாதாரண வெள்ளை ஒளி, பளபளப்பை நீக்கும் துருவ ஒளி, 365 நானோமீட்டர் அளவிலான புற ஊதா ஒளி. படத்தில் சிவந்த இடம், கருமை, துளைகள், எண்ணெய்ச் சுரப்பியில் வாழும் பாக்டீரியாவின் ஆரஞ்சு ஒளிர்வு ஆகியவற்றை மென்பொருள் குறித்துக் காட்டும். அரிப்பு ஆய்வுக்கான சர்வதேச அமைப்பின் நிபுணர் குழு 2017-ல் தந்த வரையறையின்படி, சென்சிடிவ் சருமம் என்பது சாதாரணமாக எதுவும் செய்யக்கூடாத தூண்டலுக்கு எரிச்சல், குத்தல், அரிப்பு, வலி, சுருக்சுருக்கென்ற உணர்வு தோன்றுவது. தோல் பார்வைக்கு முற்றிலும் இயல்பாகவே இருக்கலாம் என்றும் அதே வரையறை சொல்கிறது. எரிச்சலைக் கேமராவால் படம் பிடிக்க முடியாது.

சிவப்பையாவது சரியாகக் காட்டுமா என்றால், அதிலும் சிக்கல். வெயிலில் டூவீலர் ஓட்டிவந்து உடனே உட்கார்ந்தால் யார் முகமும் சிவப்பாகத்தான் பதிவாகும். சன்ஸ்கிரீன் மிச்சமிருந்தால் புற ஊதாப் படத்தில் கருந்திட்டாகத் தெரியும், துண்டின் நூல்பிசிறு நீலமாக மின்னும். மாநிறத்திலும் கருத்த தோலிலும் மெலனின் என்ற நிறமி சிவப்பை மறைத்துவிடுவதால், நன்றாக எரியும் முகத்துக்கும் 'நார்மல்' என்று தாள் வரும். ஒரே கருவியில், ஒரே வெளிச்சத்தில், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடுவதற்கு இது நல்ல கருவிதான். சென்சிடிவா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல லாயக்கில்லை. போன் செயலிகள் இதைவிட ஒரு படி கீழே. அறை வெளிச்சம் மாறினாலே விடை மாறும்.

பார்லர் பேனாவைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. தோலின் மேல்பரப்பில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து ஈரப்பதத்தைக் கணிக்கும் கருவி அது. வியர்த்திருந்தால் எண் ஏறும். அப்போது காய்ந்து வெடித்த தோலுக்கும் 'நல்ல ஈரப்பதம்' என்று காட்டும். இதன் பெரிய அண்ணன் தோல் வழியாக ஆவியாகும் நீரை அளக்கும் கருவி. ஆய்வுக்கூடங்களிலும் சில பெரிய கிளினிக்குகளிலும் உண்டு. 20 முதல் 22 டிகிரி அறையில், 40 முதல் 60 சதவீத ஈரப்பதத்தில், குறைந்தது 20 நிமிடம் சும்மா உட்கார வைத்து, ஏசி காற்று நேராகப் படாமல் அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். சித்திரை வெயிலில் இருந்து உள்ளே வந்தவரை அடுத்த நிமிடமே அளந்தால் கருவி அளப்பது வியர்வையை. சரியாக அளந்தாலும், சென்சிடிவ் சருமம் உள்ள பலருக்கு அளவு இயல்பாகவே வரும். தனியாக இதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

காசில்லாமல் கிடைப்பதில் மிகவும் உருப்படியானது பத்துக் கேள்விப் பட்டியல். கடந்த மூன்று நாட்களில் தோல் எவ்வளவு தொல்லை கொடுத்தது என்ற பொதுக் கேள்வி ஒன்று. பிறகு குத்தல், எரிச்சல், சூடு, இறுக்கம், அரிப்பு, வலி, அசௌகரியம், முகத்தில் சூடு பாய்வது, சிவத்தல் என ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை நீங்களே மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 100-க்கு 13 அல்லது அதற்கு மேல் வந்தால் சென்சிடிவ் சருமம் என்று எடுத்துக்கொள்ளலாம். 5-க்குக் கீழே என்றால் இல்லை. நடுவில் வந்தால் வேறொரு வாரம் திரும்பப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில்: மூன்று நாள் என்பதை விட்டுவிட்டு, காலேஜ் காலத்தில் வந்த எரிச்சலையும் சேர்த்துக் கூட்டிவிடுவார்கள். திரெடிங், பிளீச் செய்த வாரத்திலும் போடக்கூடாது. அப்போது எல்லோருக்கும்தான் எரியும்.

இந்தப் பட்டியல் 'இருக்கிறதா' என்று சொல்லும், 'ஏன்' என்று சொல்லாது. நம் ஊரில் அந்த 'ஏன்' பல நேரம் மருந்துக்கடை டியூபில் இருக்கிறது. பீட்டாமெத்தசோன், மொமெட்டாசோன், குளோபெட்டாசோல் என்று பெயர் போட்ட ஸ்டீராய்டு கிரீமை வெளுப்புக்காக மாதக்கணக்கில் பூசி, நிறுத்தியதும் முகம் தீப்பிடித்ததுபோல் எரிந்தால் அது பிறவியிலேயே வந்த சென்சிடிவ் சருமம் அல்ல, ஸ்டீராய்டால் சேதமான முகம். 2018-ல் இவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். கேட்டால் கொடுக்கும் கடைகள் இன்றும் உண்டு. இப்படிப்பட்ட முகத்தில் எந்தச் சோதனை செய்தாலும் விடை தப்பாகத்தான் வரும். முதல் வேலை அந்த டியூபோடு டாக்டரைப் பார்ப்பது. திடீரென்று நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதையும் அவரே சொல்லட்டும்.

லாக்டிக் அமிலச் சோதனை ஆய்வாளர்களின் பழைய நண்பன். 1977-ல் ஃப்ராஷ், கிளிக்மேன் என்ற தோல் ஆய்வாளர்கள் கொண்டுவந்தது. மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை ஓடும் மடிப்பில் ஒரு பக்கம் 5 அல்லது 10 சதவீத லாக்டிக் அமிலம், மறுபக்கம் உப்புநீர். எந்தப் பக்கம் எது என்று சொல்லாமல், இரண்டரை நிமிடத்திலும் ஐந்து நிமிடத்திலும் எரிச்சலுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் கேட்பார்கள். பல ஆய்வுகளில் கூட்டல் 3-ஐத் தொட்டால் 'எரிச்சல்காரர்' என்று கணக்கு. 'இந்தப் பக்கம் எரியும், சொல்லுங்க' என்று ஊழியர் முன்கூட்டியே வாய்விட்டால் சோதனை அங்கேயே செத்துப்போகும். இதில் எரிபவருக்குக் காற்றும் வெயிலும் ஒத்துக்கொள்ளலாம். அவற்றால் அவதிப்படுபவருக்கு இதில் எரியாமலும் போகலாம். தோலுரிக்கும் அமில பீல் பாட்டிலை வாங்கி வீட்டில் செய்து பார்ப்பதும், எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்து 'டெஸ்ட்' பண்ணுவதும் வேண்டாம். பிஎச் 2 பக்கத்தில் இருக்கும், அதாவது கடும் அமிலமான சாறு எல்லோர் தோலையும்தான் எரிக்கும். பூசிக்கொண்டு வெயிலில் போனால் கருந்திட்டும் சேர்ந்து வரும்.

பணம் கொடுத்துச் செய்யத் தகுந்தது பேட்ச் டெஸ்ட். இது சென்சிடிவ் சருமத்தை அளப்பதில்லை. எந்தப் பொருளுக்குத் தாமத ஒவ்வாமை, அதாவது உடனே இல்லாமல் ஓரிரு நாள் கழித்துத் தெரியும் ஒவ்வாமை, என்று கண்டுபிடிக்கிறது. 'எனக்கு எதுவுமே ஒத்துக்கலை' என்பவர்களில் சிலருக்கு உண்மையில் ஒத்துக்கொள்ளாதது ஒன்றே ஒன்றாக இருக்கும்: வாசனைக் கலவை, ஹேர் டையில் உள்ள பிபிடி, மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தி, பொட்டின் பசை. மெத்தில் ஐசோதயசோலினோனைக் கழுவாமல் விடும் கிரீம்களில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-லேயே தடை போட்டுவிட்டது.

8 மில்லிமீட்டர் அலுமினியக் கிண்ணங்களில் வாசலினில் கலந்த பொருளை சுமார் 20 மில்லிகிராம் வீதம் வைத்து, மேல்முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் விடுவார்கள். இந்தியத் தரத் தொகுப்பு என்ற வரிசை இங்கே வழக்கம்; நிக்கல், பிபிடி, வாசனைக் கலவை, பார்த்தீனியம் எல்லாம் அதில் உண்டு. முகத்தில்தான் பிரச்சினை என்றால் அழகுசாதனத் தொகுப்பையும் சேர்த்து வைப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளினிக்கை எடைபோட ஒரே கேள்வி போதும்: ஒட்டிய இடத்தில் வந்த மாற்றத்தை எத்தனை முறை படிப்பீர்கள்? 48 மணி நேரத்தில் எடுத்துவிட்டு அன்றே ரிப்போர்ட் தருகிறவர்களிடம் போகாதீர்கள். எடுத்ததும் ஒட்டின அழுத்தத்தில் வந்த சிவப்பு அடங்க அரை மணி நேரமாவது விட்டு ஒருமுறை, மூன்றாம் அல்லது நான்காம் நாள் இன்னொருமுறை படிக்க வேண்டும். நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக், சில உலோகங்கள், ஸ்டீராய்டுகள் ஏழாம் நாள்தான் வாய் திறக்கும். படிக்கும் விதத்திலும் ஆளைத் தெரியும். தேர்ந்தவர் பக்கவாட்டில் டார்ச் அடித்து, விரல்நுனியால் தடவிப் பார்ப்பார். உண்மையான ஒவ்வாமை கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிப் பரவும், தொட்டால் தடிப்பும் சின்னச் சின்ன கொப்புளமும் தட்டுப்படும், நான்காம் நாள் இன்னும் ஏறியிருக்கும். வெறும் எரிச்சல் கிண்ண வட்டத்துக்குள் வரைந்ததுபோல் நின்று, அடுத்த வாசிப்பில் இறங்கிவிடும். கருத்த முதுகில் நிறத்தை நம்பினால் ஏமாறுவோம், தடிப்பைத்தான் நம்ப வேண்டும்.

கெடுப்பது பெரும்பாலும் வியர்வை. பட்டை கழன்றால் பொருள் தோலில் படாமல் 'நெகட்டிவ்' வரும். முடிந்தால் மார்கழி, தை மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் முதுகு நனையக் குளிக்கக் கூடாது, ஜிம் கூடாது, முதுகுப்பை கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முதுகில் படை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முன்பே சொல்லிவிட வேண்டும்; பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள். லேப் விற்கும் ரத்த அலர்ஜி பேனல் இதற்கு மாற்று ஆகாது. அது தேடுவது உடனடி ஒவ்வாமைக்கான ஐஜிஇ என்ற ரத்த எதிர்ப்புப் புரதத்தை. கிரீமுக்கு வரும் தாமத ஒவ்வாமை அதில் சிக்காது.

புதிய கிரீம் வாங்கினால் வீட்டிலேயே செய்யத் தகுந்த சோதனை ஒன்று இருக்கிறது. முழங்கை மடிப்புக்குக் கீழே உள்கையில் 5 சென்டிமீட்டர் சதுரம். அதே இடத்தில் காலையும் மாலையும் மெல்லிய பூச்சு, ஏழு நாள். பொறுமை இருந்தால் பதினான்கு. மறுகையில் வெறும் வாசலின், ஒப்பிட. இரண்டு நாள் பூசிவிட்டு 'ஒண்ணும் ஆகலை' என்று முகத்துக்குப் போவதுதான் வழக்கமான தப்பு. கை தேறினால் தாடைக்குக் கீழே மூன்று நாள், பிறகு கன்னம். இமைத் தோல் மிக மெல்லியது. கன்னம் ஏற்றதை அது ஏற்கும் என்று எண்ண வேண்டாம். சோப்பு, ஷாம்பு, ஃபேஸ்வாஷை இப்படிக் கழுவாமல் விட்டால் யாருக்கும் எரியும், அதனால் அவற்றுக்கு இது பொருந்தாது. ஹேர் டைக்கு அட்டையில் உள்ள 48 மணி நேர முறையே சரி. 'பிளாக் மெஹந்தி'யில் ஒருமுறை கொப்பளித்தவர் அந்தச் சோதனையைக்கூட வீட்டில் செய்யக் கூடாது.

டாக்டரிடம் போகும்போது போனில் படம் காட்டினால் போதாது. கிரீம், டை, பொட்டு அட்டை, கடையில் அரைத்து வாங்கிய நலங்கு மாவு வரை எல்லாவற்றையும் உறையோடு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பேட்ச் டெஸ்டில் உங்கள் பொருளையே வைத்துப் பார்க்க அவருக்கு அது தேவைப்படும்.