டெம்பிள் பல்கலைக்கழக மகளிர் வாள்வீச்சு அணி: ஒரு தாயின் மதிப்பீடு

என் மகள் சேபர் என்ற வாள் வகையில் ஆடுகிறாள். நியூஜெர்சியில் வசிக்கிறோம், அவளுக்கு அடுத்த ஆண்டு கல்லூரி. ஃபிலடெல்பியாவில் இருக்கும் டெம்பிள் அணியைப் பற்றி, பிள்ளையை வாள்வீச்சுக்கு அனுப்பும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

இங்கே ஆண்கள் அணி கிடையாது. பயிற்சியாளரின் கவனம் முழுவதும் பெண்களுக்கே. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆடிய நிக்கி ஃபிராங்க் 1972இல் இந்த அணியைத் தொடங்கி, 2022 வரை ஐம்பது ஆண்டுகள் நடத்தினார். 800க்கும் மேற்பட்ட வெற்றிகள். அவருக்குப் பின் பொறுப்பேற்றவரும் அவரிடம் பயின்ற பெண்தான். வேறெதையும்விட இந்தத் தொடர்ச்சியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வீராங்கனைகள் பட்டியலைப் பார்க்கும்போது மொத்த எண்ணிக்கையில் மயங்காதீர்கள். இரு அணிகள் மோதினால் 27 ஆட்டங்கள்: ஃபாயில், எப்பே, சேபர் என்ற மூன்று வாள் வகைகள் ஒவ்வொன்றிலும் மூவர், எதிரணியின் மூவருடனும் ஆடுவார்கள். 14 ஆட்டங்களை வென்ற அணிக்கு வெற்றி. ஆகவே உங்கள் மகளின் வாள் எதுவோ, அந்தப் பிரிவில் எத்தனை பேர், அவர்களில் இறுதியாண்டு மாணவிகள் யார் யார் என்று எண்ணுங்கள். அவள் களமிறங்குவாளா, பெஞ்சில் இருப்பாளா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு குறை உண்டு. அது டெம்பிளின் குறையல்ல. கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் ஆண், பெண் புள்ளிகளைச் சேர்த்தே பட்டம் தருகிறார்கள். இரு அணிகளும் உள்ள பல்கலைக்கழகம் 12 பேர் வரை அனுப்பலாம். பெண்கள் மட்டும் என்றால் ஆறு பேர்தான். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

இனிப் பணம். எங்கள் பகுதி கிளப் ஒன்றில் "வாள்வீச்சு என்றால் முழு உதவித்தொகை நிச்சயம்" என்று சொல்லியே கட்டணம் வாங்கினார்கள். நம்பாதீர்கள். கல்லூரி விளையாட்டின் உச்ச நிலையான முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்களில்கூட ஒரு மகளிர் அணிக்கு ஐந்து முழு உதவித்தொகைகளுக்கு ஈடான தொகைதான் நெடுங்காலம் உச்சவரம்பு. அதையும் பலருக்குப் பிரித்துத் தருவார்கள். 2025-26 முதல், கல்லூரி விளையாட்டு வழக்கில் எட்டப்பட்ட புதிய உடன்பாட்டை ஏற்ற பல்கலைக்கழகங்களுக்கு அந்த வரம்பு இல்லை. பதிலாக அணியில் 24 பேருக்கு மேல் கூடாது. வரம்பு போனதால் மட்டும் கஜானா நிரம்பிவிடாது. டெம்பிளில் பென்சில்வேனியாவாசிகளுக்குக் கட்டணம் குறைவு. எங்களைப் போன்ற வெளிமாநிலத்தாருக்கு அதிகம். பகுதி உதவி கிடைத்தாலும் அந்த வித்தியாசத்துக்கே சரியாகிவிடலாம்.

மகள் விண்ணப்பிக்கிறாள். நானும் கணவரும் உதவித்தொகை பூஜ்யம் என்று வைத்தே நான்கு ஆண்டுக் கணக்கைப் போட்டிருக்கிறோம்.