ஸ்பிளிட் கீபோர்டு: பின்னில் எத்தனை கறுப்பு வளையம் என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

வடசென்னையில் வீட்டிலேயே அசெம்பிள் செய்து வாட்ஸ்அப்பில் ஸ்பிளிட் கீபோர்டு (இடக்கைக்கும் வலக்கைக்கும் தனித்தனியாக இரண்டு பாதியாகப் பிரிந்த கீபோர்டு) விற்கிற ஒருவர், 42 கீ உள்ள செட் ஒன்றை 7,800 ரூபாய்க்கு எங்கள் தலையில் கட்டிவிட்டார். எங்களுக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் தமிழ் டைப்பிங் வேலை, ஆண்டர்சன் தெரு அச்சகங்களுக்குப் போகிற கல்யாணப் பத்திரிகைகள். ஆறாம் நாள் வலது பாதி செத்துப்போனது. கேட்டதற்கு, "கரண்ட் இருக்கும்போது கேபிளைப் பிடுங்கிட்டீங்க, வாரண்டி கிடையாது" என்று பதில்.

அவர் சொன்ன காரணம் பொய்யில்லை. அதை விற்கும்போது மறைத்ததும், கூடவே தப்பான கேபிளைக் கொடுத்ததும்தான் அயோக்கியத்தனம்.

இரண்டு பாதியையும் இணைக்கிற நடு கேபிளின் 3.5 மி.மீ. பின், பார்வைக்கு ஹெட்போன் பின் மாதிரியேதான் இருக்கும். இதற்கு வேண்டியது நாலு முனை உள்ள டிஆர்ஆர்எஸ் கேபிள். பின்னில் மூன்று கறுப்பு வளையம் தெரியும். எங்களுக்கு வந்ததில் இரண்டே வளையம், அதாவது பாட்டுக் கேட்கிற சாதாரண ஆக்ஸ் கேபிள். மூன்று முனைப் பின்னின் அடிப்பகுதி நீளமான ஒரே உலோகம். நாலு முனை ஜாக்குக்குள் போனதும் அடுத்தடுத்த இரண்டு தொடுமுனைகளை அது ஒன்றாக்கிவிடும். எந்த முனையில் பவர், எதில் கிரவுண்ட் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். சேர்ந்தவற்றில் ஒன்று பயன்படாத முனையாக இருந்தால் பிழைத்தது. இல்லையென்றால் செருகிய உடனே ஷார்ட். எங்களுடையது பிழைத்த ரகம். ஆனால் அந்த ஆக்ஸ் பின்னின் தடித்த பிளாஸ்டிக் கழுத்து கேஸ் ஓட்டைக்குள் முழுசாக இறங்கவில்லை. அரை மில்லிமீட்டர் வெளியே நின்றது, மேஜை அசைந்தால் நழுவியது. நழுவும்போது பின்னின் நுனி உள்ளேயுள்ள தொடுமுனைகளை ஒவ்வொன்றாக உரசிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் பவர் போய் டேட்டா முனையில் பட்டால் கன்ட்ரோலரின் (கீபோர்டை இயக்குகிற குட்டிச் சிப் போர்டு) கால் எரிந்துவிடலாம்.

எனவே எப்போதும் முதலில் யூஎஸ்பியைக் கழற்றுங்கள், பிறகு நடு கேபிள். மாட்டும்போது நடு கேபிள் முதலில், யூஎஸ்பி கடைசி.

கன்ட்ரோலரையாவது மாற்றலாம் என்று திறந்தால், ப்ரோ மைக்ரோ என்கிற அந்தக் கன்ட்ரோலரை சாக்கெட் இல்லாமல் நேரே போர்டில் 24 காலையும் பற்றவைத்து வைத்திருக்கிறார். போர்டின் பேட் (ஈயம் பிடிக்கிற செப்புத் திட்டு) பிய்யாமல் அதை எடுப்பது பெரும்பாடு. "கன்ட்ரோலர் சாக்கெட்டில் இருக்கா?" என்று வாங்கும்போதே கேட்டு, பக்கவாட்டில் போட்டோ வாங்குங்கள். மைக்ரோ யூஎஸ்பி வாய் என்றால் அதைச் சுற்றிப் பசை போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்; சும்மா விட்டால் இரண்டு மூன்று இழுப்பில் பெயர்ந்து கையோடு வரும்.

நேரில் வாங்குகிறவர்கள் லேப்டாப் கொண்டு போங்கள். விற்பவர் யூஎஸ்பி மாட்டிய பாதியில் மட்டும் நாலு எழுத்து தட்டிக் காட்டுவார், லைட் எரியும், நமக்கும் திருப்தி. இரண்டு பாதியிலும் எல்லாக் கீயையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஒரே ஒரு கீ வரவில்லையா? சுவிட்ச் கால் மடங்கியிருக்கும், அல்லது டயோடு திருப்பி வைத்திருக்கும். சின்ன வேலைதான். ஒரு வரிசை முழுக்கக் காணோம் என்றால் கன்ட்ரோலர் கால் போயிருக்கலாம், எழுந்து வந்துவிடுங்கள். 'ஹாட் ஸ்வாப்' (ஈயம் வைக்காமல் சுவிட்சைக் கழற்றி மாட்டலாம்) என்று சொன்னால் நம்பி சுவிட்சை இழுத்துவிடாதீர்கள். முதலில் போர்டைத் திருப்பி, ஒவ்வொரு சுவிட்சுக்கும் பின்னால் சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். ஈயம் வைத்ததை இழுத்தால் பேடும் சேர்ந்து வரும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்துப் பழைய சரக்கு என்றால் ஜாக்குக்குள் டார்ச் அடித்துப் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்கணும். உப்புக்காற்று சும்மா விடாது.

இன்னொரு கொள்ளை: 'தமிழ் ஃபர்ம்வேர்' (கன்ட்ரோலருக்குள் ஓடுகிற புரோகிராம்) என்று தனியாக 500 ரூபாய். அப்படி ஒன்று தேவையே இல்லை. எந்தக் கீ அழுந்தியது என்கிற எண்ணை மட்டும்தான் கீபோர்டு அனுப்பும். அதைத் தமிழாக்குவது கம்ப்யூட்டர். விண்டோஸ் 10-இலேயே தமிழ்99 விசைப்பலகை அமைப்பு இருக்கிறது, இல்லாவிட்டால் இ-கலப்பை என்கிற இலவச மென்பொருள் போதும். உண்மையில் அவர் சொல்லியிருக்க வேண்டியது வேறு. தமிழ்99-இல் ச, ஞ இரண்டும் ஆங்கில P கீக்கு வலப்பக்கமுள்ள சதுர அடைப்புக்குறிக் கீகளில் இருக்கின்றன. 42 கீ போர்டில் வழக்கமாக அந்த இரண்டு கீயும் நேரடியாக இருக்காது. ஒவ்வொரு 'ச'வுக்கும் லேயர் கீயை (பிடித்திருக்கும்போது மற்ற கீகளை வேறு எழுத்தாக மாற்றுவது) கட்டை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்கணும். பத்திரிகையில் 'சுபமுகூர்த்தம்', 'செல்வன்', 'சௌபாக்கியவதி' அடித்துப் பாருங்கள், புரியும். தமிழுக்கு வாங்குவதென்றால் அந்த இரண்டுக்கும் நேரடிக் கீ இருக்கிறதா என்று படத்தில் எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

எந்தக் கீ என்ன அனுப்பும் என்று சொல்கிற கீமேப் ஃபைலை விற்றவரிடம் கேட்டோம், "அது என் சொத்து" என்றார். போர்டில் ஓடுவது க்யூஎம்கே என்கிற ஃபர்ம்வேர். அது ஜிபிஎல் என்கிற திறந்த மூல உரிமத்தில் வருவது. ஃபர்ம்வேரோடு போர்டை விற்றால், வாங்கியவர் கேட்கும்போது மூல நிரலைக் கொடுத்தே ஆகணும்.

பில் தரவில்லை என்றாலும் யூபிஐ ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். வீட்டிலிருந்து விற்றாலும் தொழிலாகச் செய்தால் அவரும் வியாபாரிதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போடணும். மனுவோடு அந்த இரண்டு வளையப் பின்னின் கிட்டப் போட்டோவையும் வையுங்கள்.